வரிசையியல்: ஓர் அறிமுகம்

1. ஆய்வுப் பொருள்

ஒரு தொடரின் கடைசி எபிசோடு முடியும் கணத்துக்கும் அடுத்த தொடரின் முதல் எபிசோடு தொடங்கும் கணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பன்னிரண்டு எபிசோடில் கதை முடிந்துபோகும் தொடர்களில் இது ஒரு டீ குடிக்கும் நேரத்தைத் தாண்டாது. முன்கதை, பின்கதை, மாற்றுக்கதை, மறுதொகுப்பு என்று பல பத்தாண்டுகளாகக் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் ஜப்பானிய அனிமேயின் பெருங்குடும்பங்களில் இதே இடைவெளி வாரக்கணக்கில் நீளும். அந்த இடைவெளியில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதை ஆராயும் துறைக்கு இக்கட்டுரை 'வரிசையியல்' என்று பெயர் சூட்டுகிறது.

துறை என்றால் அலகு வேண்டும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் அரை மணி நேர இடத்துக்காகத் தயாராகும் எபிசோடு, விளம்பரம் நீங்கலாகச் சுமார் 24 நிமிடம் ஓடும். ஆகவே 'அடுத்து எதைப் பார்க்கலாம்' என்ற யோசனையில் கழியும் ஒவ்வொரு 24 நிமிடமும் ஒரு 'தயக்கம்' எனப்படும். ஐந்து தயக்கம் சேர்ந்தால் ஒரு சினிமா பார்த்திருக்கலாம்.

களத்தில் காணக்கிடைப்பது இதுதான். இரவு பத்தரை மணி. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. சாப்பிடும்போது பார்ப்பதற்காகத்தான் தொடரைத் தேடத் தொடங்கினார் ஆய்வுக்குரியவர். இப்போது இடது கையால் போனைப் பிடித்து, யாரோ வரைந்த அம்புக்குறி வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். அதில் 'இங்கே தொடங்கவும்' என்ற பெட்டி மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று நிறம். நிறங்களின் பொருளை விளக்கும் குறிப்பு படத்தின் அடியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

2. முதன்மைச் சான்று: கன்டம்

'மொபைல் சூட் கன்டம்' 1979 ஏப்ரல் 7 அன்று நகோயா டிவியில் தொடங்கியது. இயக்கியவர் யோஷியுகி டோமினோ. தயாரித்தது சன்ரைஸ். பணம் போட்டது குளோவர் என்ற பொம்மை நிறுவனம். 52 எபிசோடு எடுப்பதாகத் திட்டம். பார்வையாளர் எண்ணிக்கை கைகொடுக்கவில்லை, பொம்மையும் எதிர்பார்த்தபடி போகவில்லை. 1980 ஜனவரியில் 43ஆவது எபிசோடோடு தொடரை முடித்துக்கொண்டார்கள்.

வரிசையியலின் மூலப் பாவம் இங்கே நிகழ்கிறது. தொடர் நின்ற பிறகுதான் கூட்டம் வந்தது. மறு ஒளிபரப்புகளில் ஆள் சேர்ந்தார்கள். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் தொடரில் வரும் ராட்சத இயந்திரங்களின் 1/144 அளவுப் பிளாஸ்டிக் மாதிரிகளை 300 யென்னுக்குக் கொண்டுவந்ததும் சிறுவர்கள் கடைவாசலில் வரிசைகட்டி நின்றார்கள். 1981இலும் 1982இலும் 43 எபிசோடுகளைச் சுருக்கி மூன்று திரைப்படங்களாகத் தொகுத்தார்கள், அவையும் ஓடின. அதாவது, ஜப்பானிலேயே பலர் இந்தக் கதையைப் பொம்மையில் தொடங்கி, சினிமாவுக்குப் போய், அதன்பின் தொலைக்காட்சிக்கு வந்தவர்கள். 'முதலில் வந்ததை முதலில் பார்' என்று இன்று கறாராகச் சொல்பவர்கள், முதல் ரசிகர்களே அப்படிப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெற்றி வந்ததும் குடும்பம் பெருகியது. 1985இல் 50 எபிசோடுகளோடு 'ஜீட்டா கன்டம்'. 1986இல் 47 எபிசோடுகளோடு 'டபுள் ஜீட்டா'. 1988இல் 'சார்ஸ் கவுன்டர்அட்டாக்' திரைப்படம். இதுவரை கோடு நேராகத்தான் போகிறது. 1989இல் 'வார் இன் த பாக்கெட்' வந்தது. ஆறே எபிசோடு, ஒரு சிறுவனின் கதை. ஆனால் அது நடப்பது முதல் தொடரின் போர் முடியும் தறுவாயில். அன்று முதல் கன்டம் குடும்பத்தில் பின்னால் பிறந்த பிள்ளை முன்னால் உட்காருவது வழக்கமாகிவிட்டது.

1994இல் வந்த 'ஜி கன்டம்' பழைய காலக்கோட்டையே கைவிட்டது. புதிய உலகம், புதிய ஆண்டுக்கணக்கு. நாடுகள் போர் புரிவதற்குப் பதிலாக ஆளுக்கொரு ராட்சத இயந்திரத்தைச் சண்டைப் போட்டிக்கு அனுப்புகின்றன. ஹாலந்தின் இயந்திரம் காற்றாலை வடிவில் வரும், இந்தியாவின் இயந்திரம் நாகப்பாம்பு வடிவில் வரும். இதைப் பார்க்க 1979ஐப் பற்றி ஒரு வரி கூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதன்பின் 'விங்', 'ஸீட்', 'டபுள் ஓ', 'அயர்ன்-பிளட்டட் ஆர்ஃபன்ஸ்', 2022இன் 'விட்ச் ஃப்ரம் மெர்க்குரி' என்று சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய வாசல் திறந்துகொண்டே இருக்கிறது. பொம்மைக் கடைக்குள் புதிய தலைமுறை வரவேண்டும் என்றால், அதன் அப்பா பார்த்த 140 எபிசோடுகளை முன்தகுதியாகக் கேட்க முடியாது.

3. மரபுகள்

கன்டம் பார்க்க வந்த ஒருவர் 'எது முதலில், அடுத்து எது?' என்று கேட்டால் நான்கு மரபினர் பதில் சொல்ல வருவார்கள்.

முதலாமவர் வெளியீட்டு மரபினர். வந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்வார்கள். இவர்களிடம் வாதம் செய்வது கடினம், ஏனென்றால் இவர்கள் கையில் நாட்காட்டி இருக்கிறது. ஆனால் எதைப் பார்ப்பது என்பதற்கு அந்த நாட்காட்டியில் விடை இல்லை. முதல் தொடரின் 43 எபிசோடா, சுமார் ஏழு மணி நேரத்தில் முடியும் மூன்று படமா? படம் போதும் என்று முடிவெடுத்தவர் அடுத்து ஜீட்டாவுக்கு வருவார். அதற்கும் 2005, 2006இல் மூன்று தொகுப்புப் படங்கள் உண்டு. அந்த மூன்றாவது படத்தில் டோமினோ முடிவையே மாற்றிவிட்டார். மாறிய முடிவிலிருந்து 'டபுள் ஜீட்டா'வுக்குப் பாலம் இல்லை. நேரத்தை மிச்சம் பிடித்தவருக்கு முன்னால் 47 எபிசோடுகள் அந்தரத்தில் தொங்குகின்றன.

இரண்டாமவர் காலவரிசை மரபினர். கதைக்குள் எது முன்னால் நடந்ததோ அதை முன்னால் பார் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். செய்து பார்த்தால் 2015இல் தொடங்கிய 'தி ஆரிஜின்' படங்களின் பளபளப்பில் ஆரம்பித்து, அங்கிருந்து 1979இன் கோடுகளுக்குக் குதித்து, 1996க்கு ஏறி, 1989க்கு இறங்கி, 1991க்குப் போய், 1985க்குத் திரும்ப வேண்டும். முதல் தொடரில் முகமூடி போட்ட எதிரி ஒருவர் வருகிறார். அவர் யார் என்பதைத் தொடர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்க்கிறது. காலவரிசைக்காரர் அவருடைய குழந்தைப் பருவத்தையே முதலில் பார்த்துவிட்டு வந்திருப்பார். முகமூடியைக் கண்டு அவருக்கு வியப்பு எதுவும் வராது, 'வளர்ந்துட்டான்' என்றுதான் தோன்றும்.

மூன்றாமவர் 'நல்லதை மட்டும்' மரபினர். இவர்கள் ஒரு தொடரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இருவர் சொல்வது ஒன்றாக இருந்ததில்லை.

நான்காமவர் 'எங்கே வேண்டுமானாலும்' மரபினர். பரிந்துரைகளில் இதுவே தர்க்கரீதியாக மிகச் சரியானது, கேட்டவருக்கு மிகக் குறைவாக உதவுவதும் இதுவே. இவர்களுக்கு வரலாறு மட்டும் துணை நிற்கிறது. அமெரிக்காவில் கன்டம் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பரவலாகப் போய்ச் சேர்ந்தது 2000ஆம் ஆண்டில், கார்ட்டூன் நெட்வொர்க்கில், அதுவும் 'விங்' வழியாக. மாலையில் வெட்டிய பிரதி, நள்ளிரவில் வெட்டாத பிரதி. அடுத்த ஆண்டு 1979இன் மூலத் தொடரை அதே இடத்தில் போட்டபோது முடிவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். ஒரு நாட்டின் ஒரு தலைமுறைக்குக் கன்டம் என்பது 'விங்' எடுக்கப்பட்ட 1995இல் தொடங்குகிறது, 1979 ஒரு பழைய வதந்தி.

4. ஃபேட் விவகாரம்

கன்டத்தில் சிக்கல் அகலமானது. ஃபேட்டில் அது ஆழமானது.

டைப்-மூன் நிறுவனம் 2004 ஜனவரியில் வெளியிட்ட 'ஃபேட்/ஸ்டே நைட்' ஒரு கணினி விளையாட்டு. விளையாட்டு என்பதைவிட வாசித்து வாசித்து முன்னேறும் நாவல் எனலாம். ஒரே நாயகன், ஒரே ஊர், ஒரே போர், ஆனால் மூன்று பாதை: 'ஃபேட்', 'அன்லிமிட்டட் பிளேட் வொர்க்ஸ்', 'ஹெவன்ஸ் ஃபீல்'. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். வரிசையியலில் இப்படி ஒரு பொற்காலம் பிறகு வாய்க்கவில்லை. பூட்டு இருந்தது, சாவி இருந்தது, தயக்கம் சுழியம்.

அனிமே வந்ததும் பூட்டுகள் உடைந்தன. 2006இல் ஸ்டுடியோ டீன் முதல் பாதையைத் தொடராக்கியது, இடையிடையே மற்றப் பாதைகளிலிருந்தும் எடுத்துச் செருகியது. யுஃபோடேபிள் என்ற இன்னொரு ஸ்டுடியோ 2011இல் வந்தது. அது எடுத்தது மூன்றில் ஒன்றும் அல்ல. கென் உரோபுச்சி எழுதிய முன்கதை நாவலான 'ஃபேட்/ஜீரோ'வை எடுத்தது. பிறகு 2014இல் இரண்டாம் பாதை. 2017, 2019, 2020இல் மூன்றாம் பாதை, மூன்று படங்களாக. முதல் பாதையை மட்டும் அது தொடவில்லை.

விளைவைப் பார்க்கலாம். அழகாக எடுக்கப்பட்ட வரிசையில் போக விரும்புகிறவர் 'ஜீரோ'வில் தொடங்குகிறார். கதையின்படி அது பத்தாண்டு முந்தையதும்கூட. காலவரிசை மரபும் 'நல்லதை மட்டும்' மரபும் கைகுலுக்கும் அபூர்வத் தருணம் இது. ஆனால் 'ஜீரோ' எழுதப்பட்டது மூலக்கதையின் முடிவு தெரிந்தவர்களுக்காக. 'ஹெவன்ஸ் ஃபீல்' கடைசிவரை பொத்திவைக்கும் விஷயத்தை அது போகிறபோக்கில் மேசைமேல் வைத்துவிட்டுப் போகும். இதைத் தவிர்க்க வேண்டுமானால் 2006இன் தொடரில் தொடங்க வேண்டும். அதைப் பரிந்துரைக்கும்போது பரிந்துரைப்பவரின் குரல் சற்று தாழ்வதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

மாதிரி உரையாடல் ஒன்று:

"மச்சி, ஃபேட் எதுல ஆரம்பிக்கட்டும்?"

"ஒழுங்கா பாக்கணும்னா கேம்ல ஆரம்பி."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"எல்லா ரூட்டும் முடிக்க ஒரு மாசம் வச்சுக்கோ."

"நான் சாப்பிடும்போது பாக்க ஏதாவது கேட்டேன்டா."

இந்த உரையாடல் பெரும்பாலும் இங்கேயே முடிந்து, கேட்டவர் வேறு தொடருக்குப் போய்விடுவார்.

5. தாமதம் கோட்பாடாவது

மரபுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு மோனோகதாரி குடும்பம் நல்ல சான்று. நிஷியோ இஷின் எழுதிய நாவல்களில் 2008இல் வந்த 'கிசுமோனோகதாரி', நாயகனின் தொடக்கக் கதை. 2009இல் 'பாகெமோனோகதாரி' தொடரானபின் இது தனியே திரைப்படமாகும் என்று அறிவிப்பு வந்தது. அறிவித்தபடி படம் 2012இல் வரவில்லை. 2013, 14, 15இலும் வரவில்லை. அதற்குள் அடுத்தடுத்த பருவங்கள் தொலைக்காட்சியில் போய்விட்டன. ஒருவழியாக 2016 ஜனவரிக்கும் 2017 ஜனவரிக்கும் இடையே மூன்று படங்களாக வந்து சேர்ந்தது.

இன்று அதை எங்கே பார்ப்பது என்பதில் இரண்டு கட்சி. நாவல் வரிசைப்படி தொடக்கத்தில் பார்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பல பருவங்களுக்குப் பிறகு பார்த்தால்தான் அதன் கனம் தெரியும், படைப்பாளிகள் அதை அங்கே வைத்ததில் ஒரு கலைநோக்கு இருக்கிறது என்பது மறுகட்சி. ஒரு தயாரிப்புத் தாமதம் எட்டே ஆண்டில் கலைநோக்காகப் பதவி உயர்வு பெற்றதை வரிசையியல் தன் முக்கியக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் கருதுகிறது.

6. இடைச்செருகல் பற்றி

எதைப் பார்ப்பது என்பதோடு எதைத் தாண்டுவது என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. பல அனிமேக்களுக்கு மூலமான மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வாரத்துக்கு ஓர் அத்தியாயம், ஏறத்தாழ இருபது பக்கம். அனிமேயும் வாரத்துக்கு ஓர் எபிசோடு. ஓர் எபிசோடு சாதாரணமாக ஓர் அத்தியாயத்துக்கு மேல் விழுங்கும். எனவே வாரந்தோறும் ஓடும் அனிமே என்றாவது ஒருநாள் மங்காவின் முதுகில் போய் இடிக்கும். அந்த நாள் வந்ததும் 'நருட்டோ' மங்காவில் இல்லாத கதைகளைப் புனைந்து ஓட்டியது. 220 எபிசோடு கொண்ட முதல் தொடரில் 135க்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகை. 'ஒன் பீஸ்' வேறு வழி கண்டது: நடையின் வேகத்தைக் குறைத்தது. ஒருவர் வியப்பார், அந்த வியப்பைப் பக்கத்தில் நிற்கும் ஏழு பேரும் தனித்தனியே முகத்தில் காட்டுவார்கள். 'டிராகன் பால் இஸட்'டில் ஃப்ரீசா ஒரு கிரகத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்கிறான். அந்த ஐந்து நிமிடம் பல வாரம் ஓடியது. 2009இல் அதைத் தயாரித்த நிறுவனமே மனமிரங்கி 'டிராகன் பால் கை' என்ற பெயரில் கொழுப்பைக் குறைத்த பிரதியை வெளியிட்டது. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடம் காணும் வேலையை வெளியீட்டாளரே செய்து கொடுத்த உதாரணம் இது.

எனினும், தாண்டுவதில் ஆபத்து உண்டு. முதல் கன்டத்தின் 15ஆவது எபிசோடு 'குக்குருஸ் டோவான் தீவு'. மையக்கதையோடு ஒட்டாதது. இயந்திரத்தின் முகம் சில காட்சிகளில் சப்பாத்திக்கட்டையால் தேய்த்தது போல நீண்டிருக்கும். ஆங்கில வெளியீட்டில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று டோமினோவே கேட்டுக்கொண்டார். தாண்டலாம் என்பதற்கு இதைவிட மேலான சான்றிதழ் இருக்க முடியாது. 2022இல் அதே எபிசோடு முழுநீளத் திரைப்படமாகத் திரையரங்குக்கு வந்தது. இயக்கியவர் 1979இல் பாத்திரங்களை வடிவமைத்த யோஷிகாசு யாசுஹிகோ. 43 ஆண்டாக 'அதை விட்டுவிடு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 'அதைப் பார்த்துவிட்டு வா' என்று மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

7. கணித அணுகுமுறை

வரிசையில் தகராறு இருக்கும்போது எல்லா வரிசையிலும் பார்த்துவிட்டால் என்ன? இது வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றினாலும் கணிதத்தில் இதற்கு இடம் உண்டு.

கியோட்டோ அனிமேஷன் 2006இல் எடுத்த 'சுசுமியா ஹருஹியின் துயரம்' 14 எபிசோடு கொண்டது. வேண்டுமென்றே காலம் குலைத்து ஒளிபரப்பினார்கள். முதல் எபிசோடாக வந்தது, பாத்திரங்களே கதைக்குள் எடுக்கும் அரைகுறை மாணவர் படம். ஒவ்வொரு எபிசோடின் இறுதியிலும் 'அடுத்த எபிசோடு எண் இது' என்று ஒருவர் சொல்ல, 'இல்லை, இது' என்று இன்னொருவர் திருத்துவார். வரிசைத் தகராறு தொடருக்குள்ளேயே நடந்தது.

2011இல் இணையத்தில் பெயரிலி ஒருவரிடம் கேள்வி போய்ச் சேர்ந்தது: இந்த 14ஐயும் சாத்தியமான எல்லா வரிசையிலும் பார்க்கக் குறைந்தது எத்தனை எபிசோடு ஓட்ட வேண்டும்? ஒரு வரிசையின் வால் அடுத்த வரிசையின் தலையாக இருக்கலாம் என்பதுதான் சூட்சுமம். மூன்றே எபிசோடு என்றால் 1-2-3-1-2-1-3-2-1 என்று ஒன்பது பார்த்தால் ஆறு வரிசையும் அடங்கிவிடும். பொதுவான எண்ணிக்கைக்கு ஒரு கீழெல்லையைப் பெயரிலி நிறுவிக் காட்டினார். ஏழு ஆண்டுக்குப் பிறகு கணிதவியலாளர்கள் ராபின் ஹூஸ்டன், ஜே பன்டோன், வின்ஸ் வாட்டர் ஆகியோர் அதை முறையான கட்டுரையாக எழுதி, முதல் ஆசிரியராக அந்தப் பெயரிலியையே போட்டார்கள்.

14 எபிசோடுக்கு விடை: குறைந்தது 9,388 கோடியே 43 லட்சத்து 13 ஆயிரத்து 611 எபிசோடு. தூங்காமல் பார்த்தால் 42 லட்சம் ஆண்டுக்கு மேல். அதே 2018இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிரெக் ஈகன் மேலெல்லை ஒன்றைக் கண்டார். இரண்டு எல்லைக்கும் நடுவே கிட்டத்தட்ட நான்கு கோடி எபிசோடு இன்னும் முடிவாகாமல் நிற்கிறது.

இதற்கிடையே 2009இல் ஹருஹியைச் சரியான கால வரிசையில், புதிதாக 14 எபிசோடு சேர்த்து மறுபடி ஒளிபரப்பினார்கள். இனிச் சிக்கல் இல்லை என்று நம்பியவர்களுக்காக, சேர்த்ததில் எட்டு எபிசோடு ஒரே கதையாக இருந்தது. கோடை விடுமுறையின் அதே இரண்டு வாரம், எட்டு வாரம் தொடர்ந்து. ஒவ்வொரு முறையும் படம் புதிதாக வரைந்தது, குரல் புதிதாகப் பேசியது, உடை வேறு, வசனம் ஏறக்குறைய அதேதான். முதலும் இரண்டும் எட்டும் போதும் என்கிறார்கள் நடைமுறைவாதிகள். எட்டையும் பார்த்தவர்கள் அதற்கு ஒப்புவதில்லை. பட்ட கஷ்டம் வீணாகிவிடும்.

8. பரிந்துரைப்பவர்

முந்தைய பகுதியின் கடைசி வாக்கியம் ஒரு பொதுவிதிக்கு இட்டுச்செல்கிறது. வரிசையியல் இதுவரை ஆராய்ந்த சான்றுகளில் கதைக்கென்று இயல்பான வரிசை எதுவும் தென்படவில்லை. தென்படுவதெல்லாம் பொம்மை விற்பனை, நின்றுபோன தொடர், தாமதமான படம், மங்காவை முட்டிய அட்டவணை, வேறு நாட்டின் ஒளிபரப்பு நேரம். இவை உண்டாக்கிய வரிசையில் ஒருவர் தற்செயலாகப் பார்க்கிறார். பார்த்து முடித்தபின் அந்தத் தற்செயலைச் சற்றே செப்பனிட்டு அடுத்தவருக்கு முறையாக வழங்குகிறார். வாய்ப்பாடாகச் சொன்னால்: பரிந்துரை = தான் பார்த்த வரிசை − தனக்குச் சலித்த பகுதி.

'விங்'கில் தொடங்கியவர் 'விங்'கில் தொடங்கினால் தப்பில்லை என்பார். பொம்மையில் தொடங்கியவர் ஒரு பொம்மை வாங்கித் தருவார். 'டபுள் ஜீட்டா'வின் முதல் எபிசோடு பழைய காட்சிகளின் தொகுப்பு, அதன் முன்பாதி திடீரென்று நகைச்சுவைக்குத் தாவுகிறது. ஆகவே அதைத் தாண்டச் சொல்பவர்கள் அநேகம். முழுதும் பார்த்தவர் மட்டும் 'பின்பாதி நல்லாயிருக்கும், பொறுத்துக்கோ' என்பார். பொறுத்துக்கொண்டவரின் சொல் அது.

கேட்பவரின் நிலையும் இதற்குக் குறைவானதல்ல. பெரும்பாலானவர்கள் கேட்கும் முன்பே மனத்துக்குள் ஒன்றைத் தேர்ந்துவிட்டிருக்கிறார்கள். சுவரொட்டியில் நிறம் பிடித்த இயந்திரம், யாரோ பகிர்ந்த ஒரு சண்டைக் காட்சி, காதில் விழுந்த ஒரு தொடக்கப் பாட்டு. நான்கு பேரிடம் கேட்பார்கள், அதில் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லும்வரை ஐந்தாவது ஆளிடமும் கேட்பார்கள்.

9. எஞ்சிய சிக்கல்கள்

முடிவுகளைத் தொகுக்கும் நேரத்தில் புதிய சான்று ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. 2025இல் சன்ரைஸும், இவாஞ்செலியன் படங்களை எடுத்த காரா ஸ்டுடியோவும் சேர்ந்து 'ஜிக்வாக்ஸ்' என்ற புதிய கன்டத்தைக் கொண்டுவந்தன. இயக்கம் கசுயா சுருமாகி. முதல் தொடரின் போரில் எதிர்த்தரப்பு வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே கதையின் அடித்தளம். புதிய வாசலாகத் திறந்து, பழைய வீட்டின் நடுக்கூடத்தில் கொண்டுபோய் விடும் இந்த அமைப்பை நான்கு மரபில் எதில் வைப்பது என்பது தீரவில்லை.

ஜனவரியில் இதன் தொடக்கப் பகுதியைத் திரைப்படமாக வெளியிட்டபோது 1979இன் போர்க்கள மாற்றுவரலாறு முதலில் வந்தது, புதிய நாயகியின் கதை அதன்பின். ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தபோது நாயகி முதல் எபிசோடுக்கு ஏறிக்கொண்டாள், போர்க்களம் இரண்டாவதற்கு இறங்கியது. ஒரே படைப்பாளிகள், ஒரே காட்சிகள், மூன்று மாத இடைவெளியில் இரண்டு வரிசை. தொடர் மொத்தமே 12 எபிசோடு, ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும். அதற்கு முன் பழைய 43ஐயும் பார்த்தாக வேண்டுமா, மூன்று படம் போதுமா, ஒன்றுமே வேண்டாமா என்ற வாதத்தில் செலவான தயக்கங்களின் கூட்டுத்தொகையை இனி வரும் ஆய்வாளர்கள் கணக்கிட வேண்டும்.